சிறுநீரக நோயும் வைட்டமின் மாத்திரையும்: எது வேண்டும், எதைத் தொடக்கூடாது

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன கையோடு, ஆள் இளைத்துவிட்டாரே, சாப்பாடு இறங்கவில்லையே, சத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று வீட்டில் யாராவது ஒருவர் மருந்துக்கடைக்குப் போய் ஒரு மல்டிவைட்டமின் டப்பாவை வாங்கி வந்துவிடுவார். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த மாத்திரை, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவரை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. நாள்பட்ட சிறுநீரக நோயில் சில வைட்டமின்கள் குறைந்துபோகும், வேறு சில வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கும். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடக்கும் என்பதுதான் சிக்கல். எல்லாம் கலந்த மாத்திரையைப் போட்டால் குறைந்தது நிரம்புகிறதோ இல்லையோ, தேங்கியது இன்னும் ஏறும்.

அதனால் வைட்டமின்களைக் கும்பலாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது, லேபிளில் எதைத் தேடுவது, எந்த நேரத்தில் போடுவது என்பதெல்லாம் கீழே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சரியான கேள்வியோடு போனால் போதும்.

முதலில் உங்கள் கட்டம் எது என்று பாருங்கள்

கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைத் தேடுங்கள், சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண் அது. அது 60-க்கு மேல் இருந்தால் வைட்டமின் விஷயத்தில் நீங்கள் மற்றவர்களிடமிருந்து பெரிதாக வேறுபட்டவர் இல்லை. 60-க்குக் கீழே இறங்க இறங்க வைட்டமின் டி சங்கதி முக்கியமாகிறது. 30-க்குக் கீழே போனால் எதையும் கேட்காமல் வாங்கிப் போடுகிற பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு மறுபடி மாறும், ஏனென்றால் அப்போது தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து கொஞ்சம் வெளியே போகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இந்த இழப்பு உண்டு.

இன்னொரு எண்ணையும் பாருங்கள்: சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது. நிறையப் போகிறது என்றால், ரத்தத்தில் வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் புரதமும் கூடவே போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்போதே டி குறைவாக இருக்கலாம்.

அப்புறம் ஒரு தாளில் நீங்கள் போடுகிற எல்லா மருந்துகளையும் எழுதுங்கள். எல்லாம் என்றால் எல்லாமும்தான்: சர்க்கரை மாத்திரை, அசிடிட்டி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, யாரோ நல்லது என்று சொல்லிக் கொடுத்த மூலிகைப் பொடி, சத்து பவுடர், தலைமுடிக்காகப் போடும் மாத்திரை வரைக்கும். இந்தத் தாள் கையில் இல்லாமல் கீழே வருகிற பாதி விஷயத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

ஏன் குறைகிறது

வெறும் நோயால் மட்டும் குறைவதில்லை. நோய்க்காக நாம் செய்கிற நல்ல காரியங்களாலும் குறைகிறது, பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. பொட்டாசியம் ஏறுகிறது என்று பழங்களையும் கீரையையும் குறைக்கிறோம், அதோடு வைட்டமின் சி, ஃபோலிக் அமிலம், வைட்டமின் கே மூன்றும் குறைகின்றன. பாஸ்பரஸ் கூடாது என்று பால், பருப்பு, கொட்டை வகைகள், முழு தானியங்களை ஒதுக்குகிறோம், பி குழுமத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. புரதத்தை அளவாகச் சாப்பிடச் சொன்னதால் இறைச்சியும் முட்டையும் குறைகின்றன, பி12-ம் பி6-ம் அதோடு போகின்றன. இதற்கெல்லாம் மேலே, நோய் முற்றும்போது பசியே இருக்காது, வாயில் ஒரு உலோகச் சுவை, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல்.

காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொட்டாசியத்தைக் குறைக்க நல்ல வழிதான். ஆனால் கொட்டிய தண்ணீரில் பொட்டாசியம் மட்டும் போகவில்லை, பி1, ஃபோலிக் அமிலம், வைட்டமின் சி எல்லாம் கூடவே போயிருக்கின்றன. அதற்காக இதை விட்டுவிடச் சொல்லவில்லை, பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம், வைட்டமின் குறைவை அதோடு ஒப்பிடவே கூடாது. என் கருத்து, பொட்டாசியம் அதிகம் உள்ள காய்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும், இயல்பாகவே குறைவாக உள்ள காய்களையும் சேர்த்து வடித்துக் கொட்ட வேண்டியதில்லை. உங்கள் ரத்தத்தில் பொட்டாசியம் தொடர்ந்து சரியாகவே இருக்கிறது என்றால், இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக வேண்டுமா என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். எப்போதோ ஒருமுறை ஏறியதற்காக வருஷக்கணக்கில் பழத்தைத் தொடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வைட்டமின் டி: குழப்பம் அதிகம் இங்கேதான்

வெயில் பட்டு தோலில் உருவாகும் டியும் சரி, மாத்திரையில் வரும் டியும் சரி, அப்படியே வேலை செய்வதில்லை. முதலில் கல்லீரல் அதை ஒரு வடிவத்துக்கு மாற்றுகிறது. அதற்குப் பெயர் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. பிறகு சிறுநீரகம் அதை இன்னொரு முறை மாற்றி, வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியாலாக ஆக்குகிறது. சிறுநீரகம் பழுதானால் இந்த இரண்டாவது மாற்றம் தடைபடும். சிறுநீரகத் திசு குறைந்துபோவது மட்டும் இதற்குக் காரணமில்லை. பாஸ்பரஸைச் சமாளிக்க எலும்பு சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே ஏறி, கால்சிட்ரியால் தயாரிப்பை அடக்கிவிடுகிறது. கால்சிட்ரியால் குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, கால்சியம் குறையப் பார்க்கும்போது கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பி.டி.எச். ஹார்மோனைக் கூட்டிவிட்டு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். எலும்பு வலி, எளிதில் முறிதல், ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிவது எல்லாம் இந்த வழியில் வருபவை.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், டி என்ற பெயரில் இரண்டு விதமான மருந்துகள் உண்டு. ஒன்று சாதாரண டி, அதாவது கோலிகால்சிஃபெரால் என்ற டி3, அல்லது எர்கோகால்சிஃபெரால் என்ற டி2. இது உடம்பின் இருப்பை நிரப்பும். இன்னொன்று ஏற்கெனவே வேலை செய்யும் வடிவில் உள்ளது, அல்லது சிறுநீரகத்தின் உதவி இல்லாமலே அந்த வடிவத்துக்கு வரக்கூடியது: கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால், பாரிகால்சிடால். இது ஒரு ஹார்மோன் மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள், பி.டி.எச்.-ஐ அடக்குவதற்காகக் கொடுப்பது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒன்று தீர்ந்தபோது மற்றொன்றை வாங்கிப் போடுகிறவர்களும், இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போடுகிறவர்களும் நிறையப் பேர். மருத்துவர் எழுதியது எந்த வகை என்று மாத்திரை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண டியின் அளவை யூனிட்டில் எழுதுவார்கள், கால்சிட்ரியால் வகையை மைக்ரோகிராமில், அதுவும் 0.25 போன்ற சிறிய எண்ணில். ஆனால் சாதாரண டியையும் சில நிறுவனங்கள் மைக்ரோகிராமில் போடுகின்றன, அப்போது 1 மைக்ரோகிராம் என்பது 40 யூனிட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையாகக் கேட்க வேண்டியது 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. வேலை செய்யும் வடிவத்தை அளக்கும் சோதனையும் உண்டு, இருப்பு எவ்வளவு என்று அறிய அது உதவாது, காசுதான் வீண். 25 ஹைட்ராக்சி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 20 முதல் 30 வரை போதாமை என்றும் பரவலாகக் கொள்கிறார்கள். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச்., ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நான்கையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற உலகளாவிய சிறுநீரக வழிகாட்டு அமைப்பு 2017-ல் தன் பரிந்துரைகளைத் திருத்தியபோது, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குக் கால்சிட்ரியால் வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், நான்காம் ஐந்தாம் கட்டத்தில் (ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே) பி.டி.எச். கடுமையாக ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது. சாதாரண டி குறைவாக இருந்தால் மற்றவர்களுக்குச் சரிசெய்வது போலவே சரிசெய்யலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு பி.டி.எச். சாதாரண எல்லைக்குள் வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இயல்பான மேல் எல்லையைப் போல் 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாம் என்பது அதே அமைப்பின் கணக்கு. ஆய்வகத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதிகம் என்று அடித்திருப்பதைப் பார்த்துப் பயந்து மருந்தைக் கூட்டச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். அளவுக்கு மீறி அடக்கினால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடும், அதுவும் நோய்தான்.

டி அதிகமானால் என்ன ஆகும்? கால்சியம் ஏறும். மலச்சிக்கல், குமட்டல், தாகம், சோர்வு, குழப்பம் வரும், மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கும் அடி விழும். 50,000, 60,000 யூனிட் என்று பெரிய அளவில் வரும் மருந்துகளை, வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று தவறாகப் படித்து விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. எத்தனை வாரத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் காலம் முடிந்ததும் நிறுத்திவிட்டுச் சோதனை செய்யுங்கள், பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்காதீர்கள். கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலும் டியும் சேர்ந்தே இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

பி குழுமம்

பி குழுமம் தண்ணீரில் கரைவது, அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் இதை அள்ளிப் போடுகிறார்கள். சிறுநீரில் போவதற்குச் சிறுநீரகம் வேலை செய்ய வேண்டுமே!

இதைக் காட்டிக்கொடுத்த ஓர் ஆய்வு 2010-ல் கனடாவிலிருந்து வெளியானது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரில் ஒரு பகுதியினருக்கு தினமும் ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஹோமோசிஸ்டீன் என்ற பொருளைக் குறைத்தால் சிறுநீரகமும் ரத்தக்குழாயும் பிழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, ஆனால் வைட்டமின் எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகச் செயல்பாடு வேகமாக இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய்ப் பிரச்சினைகளும் அவர்களிடம்தான் அதிகம். பி வைட்டமினே ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய அளவில் கொடுப்பது தீங்கில்லாத காரியம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பி1, அதாவது தயமின், டயாலிசிஸிலும் போகும், ஃப்யூரோசமைடு போன்ற நீர் பிரிய வைக்கும் மாத்திரையாலும் போகும். இது கடுமையாகக் குறைந்தால் குழப்பம், நடை தள்ளாடுவது, கண் அசைவில் கோளாறு, இதயம் பலவீனமாவது எல்லாம் வரலாம். சிறுநீரக நோயாளிக்குக் குழப்பம் வந்தால் எல்லாரும் ரத்தத்தில் யூரியா ஏறிவிட்டது என்றே முடிவு கட்டுவார்கள், தயமினை நினைப்பவர் குறைவு. சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாமலும் வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்த டயாலிசிஸ் நோயாளி திடீரென்று குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், தயமின் குறைவாக இருக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஊசியில் கொடுத்தால் சரியாகக்கூடியது, தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம்.

பி6 டயாலிசிஸில் குறையும், காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசின் போன்றவையும் இதைக் குறைக்கும். ஆனால் பி6-ஐ அதிகமாக, அதிக நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால் மரத்துப்போக வைக்கும். கால் எரிச்சலுக்காக நரம்பு வைட்டமின் என்று வாங்குகிற மாத்திரைகளில் சிலவற்றில் 100 மி.கி. வரை கூட இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 மி.கி.-க்கும் குறைவு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வழக்கமாகத் தருவது 10 மி.கி. அளவில்தான்.

பி12 விஷயத்தில் டயாலிசிஸ் பெரிய குற்றவாளி இல்லை, அது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்வளவாகக் கழியாது. வருஷக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டவர்கள், ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரையை நிறுத்தாமல் போடுகிறவர்கள், அசைவமும் பாலும் சேர்க்காதவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குத்தான் குறையும். சோதனையில் ஒரு தொல்லை உண்டு. பி12 எல்லைக்கோட்டில் இருந்தால் உறுதிப்படுத்த மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் இரண்டையும் பார்ப்பார்கள், சிறுநீரகம் பழுதானாலே இரண்டும் ஏறிவிடும் என்பதால் அந்த எண்கள் உங்களுக்கு அவ்வளவு தெளிவாகப் பேசாது. அறிகுறியையும் மருந்துப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். இரண்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதோடு, சிறுநீரக நோயில் ரத்தசோகைக்குப் பெரும்பாலும் காரணம் ரத்த அணுக்கள் உருவாகத் தூண்டும், சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் குறைவதும் இரும்புச்சத்து போதாததும்தான். எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் அப்போது இரும்புக்கு அடுத்தபடியாக ஃபோலிக் அமிலம், பி12 பக்கம் பாருங்கள்.

வைட்டமின் சி: கொஞ்சம் வேண்டும், நிறைய ஆபத்து

டயாலிசிஸில் சி நன்றாகவே கழியும், பழமும் கட்டுப்பாட்டில் இருக்கும், அதனால் ஈறில் ரத்தம் கசிவது, காயம் ஆறாமல் இருப்பது, தோலில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் எல்லாம் வரலாம். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 90 மி.கி., பெண்களுக்கு 75 மி.கி. கிடைத்தால் போதும். கடையில் விற்பதோ 500, 1000 மி.கி. மாத்திரைகள்! உடம்பு சியை ஆக்சலேட்டாக மாற்றுகிறது, அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம், அது முடியாதபோது ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்திலேயே படிந்து இருக்கிற செயல்பாட்டையும் தின்றுவிடும், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எலும்பு, இதயம் என்று மற்ற இடங்களிலும் படியலாம். சளி பிடித்தால் சி, எதிர்ப்பு சக்திக்கு சி என்று போடுகிற பழக்கம் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிக அளவு சி சில குளுக்கோமீட்டர்களில் சர்க்கரை அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும், அதை நம்பி இன்சுலினைக் கூட்டிவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஏ, ஈ, கே

வைட்டமின் ஏ மாத்திரை வேண்டாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகம் பழுதானால் ஏவும் அதைச் சுமக்கும் புரதமும் ரத்தத்தில் தேங்கும், டயாலிசிஸும் அதை எடுக்காது. அதிகமானால் தோல் உலர்ந்து அரிக்கும், தலைவலி வரும், கல்லீரலும் எலும்பும் கெடும், கால்சியம் ஏறும். ஏற்கெனவே அரிப்போடு இருக்கிற ஆள், அரிப்புக்குக் காரணம் டப்பாவில் இருக்கிறது என்று எப்படி நினைப்பார்? மீன் ஈரல் எண்ணெயில் இது ஏராளம். ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிடேட் என்று லேபிளில் இருந்தால் எல்லாமே வைட்டமின் ஏ-தான்.

வைட்டமின் ஈ-யை வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை. கே குறைவது டயாலிசிஸ் நோயாளிகளிடம் காணப்படும் ஒன்று, ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஒரு புரதம் வேலை செய்ய கே வேண்டும். அதற்காக நீங்களே வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கே மாத்திரையைத் தொடவே கூடாது, கீரையைக்கூட ஒரு நாள் மலைபோல, ஒரு நாள் ஒன்றுமில்லாமல் என்று சாப்பிடாமல் சீரான அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லேபிளை இப்படிப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் பின்பக்கத்துக்குப் போங்கள். முதலில் ஏ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடுங்கள். அடுத்து பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் இந்த மூன்று தாதுக்கள். பாஸ்பேட் என்று முடியும் பெயர்கள் எல்லாமே பாஸ்பரஸ்தான், இப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பரஸ் உணவில் இயற்கையாக உள்ளதைவிட வேகமாக உறிஞ்சப்படும். பிறகு சி எத்தனை மி.கி. என்று பாருங்கள், நூறுக்கு மேல் என்றால் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் நிறைய இருக்கும், வீக்கமும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது தனித் தொல்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கென்றே செய்யும் வைட்டமின் மாத்திரைகள் கிடைக்கின்றன. பி குழுமம், ஃபோலிக் அமிலம், அளவான சி இருக்கும், ஏ இருக்காது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள். சத்து பவுடர் விஷயத்திலும் இதே கண்ணோடு பாருங்கள், பவுடர் என்றால் வைட்டமின் இல்லை என்று நினைத்துவிடுவோம், உண்மையில் ஒரு மல்டிவைட்டமினே அதற்குள் கரைந்து கிடக்கும். குழந்தைக்குச் சிறுநீரக நோய் என்றால் பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம், வளரும் எலும்புக்கான கணக்கே வேறு.

எப்போது போடுவது

தண்ணீரில் கரையும் வைட்டமினை டயாலிசிஸ் நாளில் டயாலிசிஸ் முடிந்த பிறகு போடுங்கள். காலையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் அதில் ஒரு பகுதி இயந்திரத்தோடு போய்விடும். நினைவில் நிற்காது என்பவர்கள் எல்லா நாளும் இரவில் என்று வைத்துக்கொள்ளலாம். பாஸ்பரஸைக் கட்டும் மருந்துகள் சாப்பாட்டோடு போட வேண்டியவை, அவற்றில் செவலமர் கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளக்கூடும், அதனால் இரண்டையும் ஒரே வாயில் போடாமல் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக ஏறாது.

பி குழுமத்தைச் சேர்ந்த பயோட்டின் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். முடி, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் இது 5, 10 மி.கி. வரை இருக்கும், உடம்புக்குத் தேவையோ மைக்ரோகிராம்களில். பயோட்டின் உடம்பைவிட ஆய்வகத்தைத்தான் ஏமாற்றும். சில இயந்திரங்களில் பி.டி.எச். உண்மையைவிடக் குறைவாகவும் 25 ஹைட்ராக்சி டி உண்மையைவிட அதிகமாகவும் காட்டும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனைகூடப் பொய்யாகக் குறைந்து காட்டலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இதுபற்றி எச்சரிக்கை விட்டது. மற்றவர்களுக்குச் சில நாள் நிறுத்தினால் வெளியேறிவிடும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிக நாள் எடுக்கும். போடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

மருந்துப் பட்டியலோடும் மாத்திரை டப்பாக்களோடும் போங்கள், பெயரை வாயால் சொல்வதைவிட டப்பாவை மேசையில் வைப்பது எளிது. என் 25 ஹைட்ராக்சி டி எவ்வளவு, எனக்குத் தருவது சாதாரண டியா ஹார்மோன் வகையா, எத்தனை வாரத்துக்கு, மறுபடி எப்போது சோதனை என்று கேளுங்கள். மெட்ஃபார்மினோ அசிடிட்டி மாத்திரையோ நெடுநாள் போடுகிறீர்கள் என்றால் பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள், அந்த அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடலாம். சோர்வு, மரத்துப்போதல், வாய் ஓரத்தில் வெடிப்பு, நாக்கு எரிச்சல், தசை பலவீனம் என்று எது இருந்தாலும் எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். இந்த அறிகுறிகளில் பாதி, வைட்டமின் குறைவாலும் வரும், சிறுநீரக நோயாலும் வரும், சர்க்கரையாலும் வரும், அதனால் அறிகுறியை மட்டும் வைத்து நீங்களே வைட்டமினைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு மீண்டும் மாறும். தோல் புற்றுநோய் அபாயத்துக்காக வெயிலைத் தவிர்க்கச் சொல்வதால் டி குறைவது அவர்களிடம் சகஜம், சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் எந்த மாத்திரையையும் மூலிகையையும் அவர்கள் மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் போடக் கூடாது. புதிய சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் இருப்பதற்காக எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள், சில மூலிகைகள் அந்த மருந்தின் அளவையே ரத்தத்தில் இறக்கிவிடும்.